விமானத்துக்கு முந்தி வந்தவன்

பச்சையம்மாவிடம் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லிப் பிரயோசனமில்லை. கடலை நம்பிப் பிழைக்கிற சனம் தூரத்தை ஓட்டத்தில்தான் சொல்லும். காசிமேட்டிலிருந்து பழவேற்காடு இத்தனை மணி ஓட்டம், கிருஷ்ணப்பட்டினம் இத்தனை மணி ஓட்டம், அவ்வளவுதான் கணக்கு. பிரேசிலில் கப்பலை விட்டு இறங்கிய மகன் தீபன், சாவோ பாலோ என்ற ஊரில் விமானம் ஏறிப் பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து மீனம்பாக்கம் வந்து சேர்வான் என்று மருமகள் சௌமியா சொன்னபோதும் அவள் அதைத்தான் கேட்டாள்.

"அது எத்தினி மணி ஓட்டம்?"

"துபாய் வரைக்கும் பதினாலரை மணி நேரம் அத்தே. அங்க இறங்கி வேற பிளேன் மாறணும். அது ஒரு நாலு மணி நேரம்."

"நடுவுல எங்கயும் நிக்காதா?"

"பஸ்ஸா அத்தே, நிறுத்தி டீ குடிக்க?"

பச்சையம்மா சிரிக்கவில்லை. "நம்ம போட்டா இருந்தா எத்தினி நாளாவும்?"

சௌமியா போனில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, நாற்பது நாளுக்குக் குறையாது என்றாள். மாமியார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"நாப்பது நாள் தூரத்தை ஒரே நாள்ல தாண்டறதுன்னா இன்னா அர்த்தம்? ஒடம்பு வந்துடும், சரி. உசுரு கூடவே வர வேணாமா? அது பின்னாடி மூச்சு வாங்கிகினு வரும்."

பேச்சுக்குச் சொன்னதுதான். பச்சையம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். திருவொற்றியூர் மார்க்கெட்டில் அவளிடம் மீன் வாங்கப் போகிறவர்கள் பேரம் பேசுவதற்கு முன்னால் இரண்டு தரம் யோசிப்பார்கள். புருஷன் மனோகரன் குடித்தே போய்ச் சேர்ந்த பிறகு அந்த வாயை வைத்துத்தான் பிள்ளையை ஐ.டி.ஐ. படிக்க வைத்தாள், சரக்குக் கப்பலில் பிட்டர் வேலைக்கு அனுப்பினாள். ஒன்பது மாத ஒப்பந்தம் முடிந்து இப்போது அவன் வருகிறான். ஒரே பிள்ளை. அவன் வருவதைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியது வேறொன்றும் இல்லை.

சுனாமிக்கு முன்னால் அவர்கள் இருந்தது திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்தில். பிறகு எர்ணாவூரில் குடியிருப்பு கட்டிக் கொடுத்தார்கள். தரைத்தளத்தில் வீடு, வாசலில் கிரில் கேட்டு, அதற்கு உள்ளே மரக்கதவு. குப்பம் போனாலும் குப்பத்து வழக்கம் ஒன்று கூடவே வந்துவிட்டது.

கடலுக்குப் போன ஆம்பளை வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தால், வந்துட்டியா என்று யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டுப் பெண்பிள்ளை முதலில் கேட்பது படகைத்தான், "போட்டு எங்க?" அவன் சொல்ல வேண்டிய பதில், "கட்டியாச்சு." அப்புறம்தான் தயாராக வைத்திருக்கும் சொம்புத் தண்ணீரை அவன் காலில் ஊற்றுவாள், மிச்சத்தைக் குடிக்கக் கொடுப்பாள், அவன் படியேறுவான். முகத்தில் முழிக்காமல் சண்டை போட்டிருக்கும் புருஷன் பெண்டாட்டிகூட இந்த இரண்டு வார்த்தையை விட்டதில்லை. காரணம் கேட்டால் யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். போட்டு கரைக்கு வராமல் ஆள் மட்டும் வந்து நின்றால், அது வரக்கூடாத வரவு. அவனுக்குத் தண்ணீர் கொடுத்து உள்ளே விட்டால் அவன் வந்து சேர்ந்தவன் ஆகிவிடுவான். இங்கே வந்து சேர்ந்துவிட்டவன் அப்புறம் எதற்குப் போட்டில் வரப்போகிறான்?

மாடியில் இருக்கும் தனபாக்கியம் அந்தத் தப்பைச் செய்தவள். கல்யாணமான புதிது. கடல் கெட்டிருந்த ஒரு நாளில் புருஷன் சாயங்காலமே வந்து வாசலில் நின்றான். பார்த்த சந்தோஷத்தில் கேள்வியை மறந்துவிட்டுக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். சோறு போட்டாள். சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்தான். விடிந்து பார்த்தால் பாய் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. மதியம் போட்டு வந்தது. போன நாலு பேரில் மூன்று பேர்தான் இறங்கினார்கள். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்தப் பாயைக் கடலில் கொண்டுபோய் விட்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

சௌமியாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் பெரம்பூர்ப் பெண், அப்பா ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ரயில் வருவதற்கு முன்னால் பயணி வந்துவிட்டான் என்று அவர்கள் தெருவில் யாராவது சொன்னால் மூஞ்சியைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அன்றைக்குக் காலையில் தீபனிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்தது. "ஏறிட்டேன். ஜன்னல் சீட்டு. அம்மா கைல சொல்லு." சௌமியா வேலைக்கு லீவு போட்டிருந்தாள். எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஆப் ஒன்றைப் போனில் இறக்கி வைத்திருந்தாள். நீலக் கடலின் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி விமானம். அதைத் தொட்டால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எல்லாம் காட்டும். பச்சையம்மா ஒரு தரம் எட்டிப் பார்த்தாள்.

"இதுல என் புள்ள எங்க கீறான்?"

"உள்ள அத்தே. ஜன்னலோரம்."

"நகரவே இல்லியே."

"நகருது. நமக்குத் தெரியலை."

பச்சையம்மா தன் பங்குக்கு ஒரு சொம்பைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, கேட்டுக்கு உள்பக்கமாக வைத்தாள். நாளைக்கு வருகிறவனுக்கு இன்றைக்கே எதற்கு என்று சௌமியா கேட்டாள். கிளம்பிய அன்றைக்கே வைப்பதுதான் முறை என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டாள்.

மதியச் சாப்பாடு முடிந்து தெரு அடங்கியிருந்தது. விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் போகும் உறுமல் மட்டும் விடாமல் கேட்டது. கிரில் கேட்டுக்கு உள்ளே தரையில் உட்கார்ந்து பச்சையம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். வெளியே படிக்கட்டு நிழலில் குடியிருப்பு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. தீபன் வளர்த்த நாய் அது. அவன் வரும் சத்தம் தெருமுனையில் கேட்டாலே எழுந்து ஓடும்.

"அம்மா."

நிமிர்ந்தாள். கேட்டுக்கு வெளியே தீபன் நின்றுகொண்டிருந்தான்.

வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது அவளுக்கு. கொஞ்சம் இளைத்திருந்தான். தாடி விட்டிருந்தான். கையில் பெட்டி இல்லை. காலில் ஷூ இல்லை, நீல நிறத்தில் சாக்ஸ் மட்டும் போட்டிருந்தான். இதையெல்லாம் அவள் அப்புறம்தான் யோசித்தாள். அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்தது பிள்ளையின் முகம் ஒன்றுதான். எழுந்திருக்கப் போனவளின் வாய், பழக்கதோஷத்தில், தானாகவே கேட்டுவிட்டது.

"போட்டு எங்க?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். நடுக்கடலிலிருந்து போன் பண்ணும்போது அவள் பேசியது போய்ச் சேர்ந்து அவன் குரல் திரும்பி வருவதற்குள் ஒரு இடைவெளி விழுமே, அதே அளவு இடைவெளி. அதற்குப் பிறகு உதடு அசைந்தது.

"வந்துகினு கீதும்மா. நான் முன்னாடி வந்துட்டேன்."

பச்சையம்மாவின் கையிலிருந்த இறால் தட்டில் விழுந்தது. நாயைப் பார்த்தாள். அவன் காலிலிருந்து ஒரு முழம் தள்ளி அது தூங்கிக்கொண்டிருந்தது. காதுகூட அசையவில்லை.

"எப்பிடிடா வந்த?"

மறுபடியும் அந்த இடைவெளி. "தெரிலம்மா. நெஞ்சுல இன்னாவோ புடிச்சுது. எல்லாரும் தூங்கினு இருந்தாங்க, யாரும் பாக்கல. வூட்டு நெனப்பு வந்துச்சு. வந்துட்டேன்." சுற்றுமுற்றும் பார்த்தான். கேட்டுக்குள் இருந்த சொம்பைப் பார்த்தான். "தாகமா கீது. தண்ணி குடும்மா."

அவன் குரலைக் கேட்டுச் சௌமியா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். போன் கையிலேயே இருந்தது. "மாமா," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தாள். மறுபடியும் அவனைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "நீ எப்படி... பிளேன் இன்னும் கடல் மேலதானே இருக்கு. ஆப்பிரிக்காவே இன்னும் வரலையே."

தீபன் அவளைப் பார்த்தான். இடைவெளி. "சௌமி, கதவைத் தொற. கால் வலிக்குது."

ஒன்பது மாதம் புருஷனைப் பார்க்காத பெண் அவள். போனிலிருப்பதை நம்புவாளா, கண்ணெதிரே நிற்பவனை நம்புவாளா? தாழ்ப்பாளை நோக்கிக் கையை நீட்டினாள். பச்சையம்மா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"தொறக்காத."

"அத்தே, உங்க புள்ள."

"தெரியும்டி. என் புள்ளதான். அதான் சொல்றேன், தொறக்காத." பிடித்த கையை அவள் விடவில்லை. "போட்டு வரல. ஆள் மட்டும் வந்து கீறான். உள்ள வுட்டா இங்கயே வந்துட்ட கணக்கு. அங்க இருக்கற ஒடம்புக்குத் திரும்பிப் போவமாட்டான்."

"என்ன பேசறீங்க? பைத்தியமா உங்களுக்கு? தண்ணி கேக்கறாரு, காது கேக்கலையா?"

"கேக்குது. எனக்கும்தான் கேக்குது."

சௌமியா கையை உதறினாள். தாழ்ப்பாளைத் தொட முடியாது என்று தெரிந்ததும் குனிந்து சொம்பை எடுத்துவிட்டாள். கேட்டுக் கம்பிக்கு நடுவே நீட்டப் போனாள். பச்சையம்மா ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். சொம்பு கவிழ்ந்தது. தண்ணீர் கொட்டித் தரையில் பரவி, வாசற்பக்கம் சரிவாக இருந்ததால், நேரே அவன் காலைப் பார்த்து ஓடியது.

பச்சையம்மா அப்படியே தரையில் விழுந்தாள். வாசற்படியை ஒட்டிக் குறுக்காகப் படுத்து, புடவையாலும் உடம்பாலும் அணை கட்டினாள். இரண்டு கையாலும் தண்ணீரை உள்பக்கம் வழித்து வழித்துத் தள்ளினாள். இறால் தோலும் தண்ணீரும் மார்பெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. அவள் முகத்துக்கு நேரே, கம்பிக்கு அந்தப் பக்கம், தீபனின் கால்கள் இருந்தன. நீலச் சாக்ஸின் அடிப்பக்கம் நைந்து நூல் நூலாகத் தொங்கியது. எங்கிருந்தோ நடந்து வந்த கால்.

"ஏம்மா?" என்றான் மேலேயிருந்து. கோபமில்லை. குழந்தையாக இருக்கும்போது அடித்தால் எப்படிக் கேட்பானோ அப்படிக் கேட்டான்.

அந்த நேரத்தில் மாடியிலிருந்து தனபாக்கியம் குடத்தோடு இறங்கி வந்தாள். கடைசிப் படிக்கு மேலேயே நின்றுவிட்டாள். தீபனின் முதுகைப் பார்த்தாள், தரையில் கிடக்கும் பச்சையம்மாவைப் பார்த்தாள்.

"தண்ணி குடுத்துட்டியா?"

பச்சையம்மா இல்லை என்று தலையாட்டினாள்.

"திட்டி அனுப்பு. கெஞ்சினா போவமாட்டான். கதவ சாத்து," என்று சொல்லிவிட்டுத் தனபாக்கியம் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு மேலே ஏறிப் போனாள். அவள் வீட்டுக் கதவு மூடும் சத்தம் கேட்டது.

பச்சையம்மா எழுந்து நின்றாள். புடவையிலிருந்து தண்ணீர் உள்பக்கமாகச் சொட்டியது. மார்க்கெட்டில் அத்தனை பேரை வாயால் விரட்டியவளுக்கு, பெற்ற பிள்ளையை விரட்ட ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"போடா."

இடைவெளி. "எங்க?"

"எங்கேர்ந்து வந்தியோ அங்க. எவன் உன்னை எறங்கச் சொன்னான்? போட்டு நடுக்கடல்ல கீது, நீ பாட்டுக்கு எறங்கி வந்துட்ட. போ. போய் அதுல ஏறிகினு வா."

"ரொம்ப தூரம்மா."

"தூரமா இருந்தா இன்னா? வந்த இல்ல? போறதுக்கும் அதே தூரம்தான்."

"கால் வலிக்குதும்மா. ஒரு வாய் தண்ணி குடு, போயிடறேன்."

"தரமாட்டேன். உனக்கு இந்த வூட்ல தண்ணியும் கெடையாது, சோறும் கெடையாது. போட்டோட வந்தா வா, இல்லாங்காட்டி இந்த வாசப்பக்கம் வராத. எம் மூஞ்சியப் பாத்துகினு நிக்கறியே, வெக்கமா இல்ல? போடா சொல்றேன்."

அவன் சௌமியாவைப் பார்த்தான். "சௌமி, நீயாவது."

சௌமியா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். போனில் அந்த மஞ்சள் விமானம் கடலின் மேலேயே இருந்தது. அவள் வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்கும் ஏதோ புரிந்துவிட்டது.

பச்சையம்மா மரக்கதவை இழுத்துச் சாத்தினாள். முழுவதும் மூடுவதற்குள் அவன் முகத்தை ஒரு கோடாகப் பார்த்தாள். தாழ் போட்டாள். கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன பயன்? "அம்மா" என்று கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம் கேட்டது. அடுத்த தரம் மிகவும் தள்ளிக் கேட்டது, லாரிச் சத்தத்துக்கும் அந்தப் பக்கத்திலிருந்து. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தார்களோ தெரியாது. சௌமியாதான் முதலில் பேசினாள். அதுவும் பேச்சில்லை, சாபம்.

"தாகமா வந்து நின்னாரு அத்தே. கடைசியா என்னைத்தான் கேட்டாரு. அவர் போயிட்டிருந்தா... கடைசியா பாக்க வந்திருந்தா? ஒரு வாய் தண்ணிகூட இல்லாம விரட்டிட்டீங்களே."

அதைத்தான் பச்சையம்மாவும் நினைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போனவன் விமானத்துக்குத்தான் போனானா, வேறெங்காவது போனானா? பதினாலாயிரம் கிலோமீட்டரில் பாதிக்கு மேல் தூரம், கீழே வெறும் தண்ணீர், கால் நைந்த பிள்ளை. வழி தெரியாமல் நின்றுவிட்டால்? அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. அழுதால் அவன் செத்துவிட்டதாக ஆகிவிடும் என்று பயந்தாள்.

"அத்தே."

"இன்னா?"

"பிளேன் திரும்புது."

இரண்டு பேரும் போனை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். அதுவரை நேர்கோட்டில் வந்துகொண்டிருந்த மஞ்சள் விமானம் மூக்கை வடக்கே வளைத்திருந்தது. துபாய் போகிற வழியில்லை அது. சௌமியா விரலால் படத்தை இழுத்து இழுத்துப் பார்த்தாள். அது போகும் திசையில் ஆப்பிரிக்காக் கரை இருந்தது, கரையில் அக்ரா என்று ஒரு ஊர். இரண்டு பேரும் அந்தப் பெயரை அதுவரை கேள்விப்பட்டதில்லை.

"ஏன் அங்க போவுது?"

"தெரியலை அத்தே. எமர்ஜென்சின்னா கிட்ட இருக்கற ஏர்போர்ட்டுல இறக்குவாங்க."

"கிட்டன்னா எத்தினி மணி ஓட்டம்?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல காட்டுது."

பச்சையம்மா அந்த ஒரு மணி நேரமும் போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கு இப்போது அது நகர்வது தெரிந்தது. மயிரிழை மயிரிழையாக நகர்ந்தது. கரையைத் தொட்டு, வேகம் குறைந்து, நின்றது. வெளியே வெயில் இறங்கிவிட்டிருந்தது. கதவைத் திறந்து பார்க்க இருவருக்கும் தைரியம் வரவில்லை.

விளக்கு வைத்த பிறகு மண்ணடியிலிருந்து போன் வந்தது. தீபனைக் கப்பலுக்கு அனுப்பிய ஏஜென்ட் ஜுபைர். நல்ல மனிதர், செய்தியைச் சுற்றி வளைக்காமல் முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொன்னார். "உயிரோட இருக்கான்மா. அக்ரான்ற ஊர்ல ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. பயப்படாத."

சௌமியா போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

ஜன்னலோரம் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைத் தூங்குகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம். சாப்பாடு கொண்டுவந்த பெண் தொட்டுப் பார்த்தபோது மூச்சில்லை. அந்த விமானத்தில் ஒரு டாக்டரம்மா இருந்தார். கீழே கிடத்தி நெஞ்சை அமுக்கினார்கள், ஷாக் கொடுக்கும் மெஷின் வைத்தார்கள், ஆள் மாற்றி ஆள் அமுக்கினார்கள். கடைசியில் டாக்டரம்மாவே போதும் என்று கையை எடுத்துவிட்டாராம். கையை எடுத்த பிறகு தானாகவே இருமினானாம்.

"அந்தம்மாவே ஆடிப் போயிட்டாங்களாம். இருமிட்டு, கண்ணு முழிச்சு, மொத மொதல்ல தண்ணி கேட்டானாம்," என்றார் ஜுபைர்.

"குடுத்தாங்களா?" என்றாள் பச்சையம்மா.

"இன்னாம்மா?"

"தண்ணி கேட்டான்னு சொன்னியே பாய். குடுத்தாங்களா?"

"குடுத்திருப்பாங்கம்மா. குடுக்காம இருப்பாங்களா?"

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாய்விட்டு, குடியிருப்பு முழுக்கக் கேட்க அழுதாள். சௌமியா அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த மடி இன்னும் ஈரமாக இறால் நாற்றம் அடித்துக்கொண்டிருந்தது. மேல் வீட்டில் தனபாக்கியம் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு என்றார்கள். அங்கேயே சரி செய்தார்கள். தீபன் வீடு வந்து சேர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அக்ராவிலிருந்து துபாய், துபாயிலிருந்து மீனம்பாக்கம். இந்தத் தடவை சௌமியா அந்த ஆப்பைத் திறக்கவில்லை. பச்சையம்மாவும் எத்தனை மணி ஓட்டம் என்று கேட்கவில்லை. சொம்பை மட்டும் கழுவி நிரப்பி வைத்தாள்.

விமான நிலையத்துக்குச் சௌமியாதான் போனாள். டாக்ஸி குடியிருப்பு வாசலில் நின்றதும் நாய் எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. அது ஓடியதைப் பார்த்ததும் பச்சையம்மாவுக்குப் பாதி உயிர் வந்தது. தீபன் சௌமியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, தரையில் காலைப் பதிக்காமல் நொண்டி நொண்டி வந்தான். கேட்டுக்கு வெளியே, அன்றைக்கு நின்ற அதே இடத்தில் வந்து நின்றான். அவளைப் பார்த்தான். கேட்டைப் பார்த்தான். திறந்துதான் இருந்தது, ஆனாலும் அவன் காலை எடுத்து வைக்கவில்லை.

பச்சையம்மா சொம்பை எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"போட்டு எங்க?"

அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது. பிறகு அவன் கண்ணில் தண்ணீர் நிறைந்ததைப் பார்த்தாள்.

"கட்டியாச்சும்மா. இப்ப உள்ள வரலாமா?"

அவனுக்குத் தெரியும். அன்றைக்கு இந்த வாசலில் நடந்தது எல்லாமே தெரியும். பச்சையம்மா அவன் காலடியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றித் தண்ணீரை ஊற்றினாள். அவன் "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்தான். காலைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கால் முழுக்கத் தோல் உரிந்து, இப்போதுதான் புதுத் தோல் ரோஸ் நிறத்தில் மூடிக்கொண்டு வந்தது. கல்லிலும் உப்பிலும் நாள்கணக்காக நடந்தவன் கால் அது. மற்றக் காலும் அப்படித்தான் இருந்தது.

சௌமியா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்ததாம். உள்ளே விமானத்தில் கொடுத்த நீலச் சாக்ஸ் இருந்தது. மேல்பாதி புதுசு, அடிப்பாதி இல்லவே இல்லை.

"டாக்டருங்க கேட்டாங்க," என்றான் தீபன். "சீட்ல உக்காந்துகினு வந்தவனுக்குக் காலு எப்பிடி இப்பிடி ஆச்சுன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னான்னு சொல்றது? எங்கம்மா திரும்பிப் போன்னு சொல்லிட்டாங்கன்னா?" சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "ஒரு வாய் குடுத்திருக்கலாம்மா அன்னிக்கு. வழி பூரா தண்ணிதான், ஒரு சொட்டு குடிக்க முடில."

அவளிடம் காரணம் இருந்தது. சொல்லவில்லை. பெற்ற பிள்ளையைத் தாகத்தோடு விரட்டியவளிடம் எந்தக் காரணம் இருந்து என்ன? அவன் இரண்டு பாதத்தையும் மடியில் வைத்துப் புடவையால் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். பிறகு எழுந்து மிச்சத் தண்ணீரை அவன் கையில் கொடுத்தாள்.

அவன் படியில் உட்கார்ந்து அண்ணாந்து குடித்தான். ஒரே மூச்சில் குடித்து முடித்துச் சொம்பை நீட்டினான். "இன்னும் கொஞ்சம் குடும்மா."

அவள் ஓடிப்போய் மொண்டு வந்தாள். அதையும் குடித்துவிட்டு நீட்டினான். அன்றைக்கு முழுக்க அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், அவளும் மொண்டு கொடுத்துக்கொண்டே இருந்தாள்.